வெளிநாட்டில் கால் வழுக்கினால் யார் பொறுப்பு?

கன்னியாகுமரி மாவட்டத்தில் வெளிநாட்டுப் பயணம் புதிய சங்கதி இல்லை. தக்கலை, திருவிதாங்கோடு பக்கமிருந்து உம்ராவுக்குப் போகிறார்கள். கருங்கல், குளச்சல், முட்டம் பங்குகளிலிருந்து எருசலேம் புனிதப் பயணத்துக்குக் குழுவாகக் கிளம்புகிறார்கள். வளைகுடாவில் மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அம்மாக்கள் போகிறார்கள். களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம் விமான நிலையம் பக்கம்தான் என்பதால் கிளம்புவதும் எளிது. விசா, பணம், மாத்திரை, ஊறுகாய் என்று எல்லாவற்றையும் யோசித்து எடுத்து வைக்கிறோம். ஹோட்டல் குளியலறையில் வழுக்கி விழுந்தால், விமானத்தில் சூடான தேநீர் மடியில் கொட்டினால், பேருந்துப் படியில் கால் பிசகினால் அந்தச் செலவு யாருடையது என்பதை மட்டும் யோசிப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சின்ன விபத்துகளைப் பற்றியது. உயிரிழப்பு, நிரந்தர ஊனம் போன்ற பெரிய விபத்துகளுக்கு வழக்கறிஞர், தூதரகம் என்று தனி வழி உண்டு. நான்கு தையல், ஒரு மாவுக்கட்டு, பத்து நாள் ஓய்வு என்கிற அளவிலான காயங்களுக்குத்தான் யாரும் வழி சொல்வதில்லை. வெளிநாட்டு மருத்துவமனையில் அந்த மாவுக்கட்டுக்கு வரும் பில், டிக்கெட் விலையைத் தாண்டிப் போவதும் உண்டு.

நம் வீடுகளில் இதற்கு இரண்டு விதமான பதில் வரும். விழுந்த அம்மா மகனுக்கு போன் போட்டு, "நான்தான் பாத்து கால வச்சிருக்கணும் மக்களே, அவங்களச் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்பார். கூடப் போன சித்தப்பாவோ, "காச வாங்கிட்டுத்தானே கூட்டிட்டுப் போனான், அவன்தான் தரணும்" என்பார். என் அனுபவத்தில் அம்மாவின் பதில்தான் அதிகம். விழுந்ததை வெட்கமாக நினைத்து, யாருக்கும் சொல்லாமல், வீங்கிய காலோடு அடுத்த இடத்துக்கு நடந்துவிடுகிறார்கள். இரண்டு பதிலும் அவசரமானவை. விழக் காரணமான பொருளோ இடமோ அந்த நேரத்தில் யார் கையில் இருந்தது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

யார் கையில் இருந்தது?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் பெரும்பாலான நாடுகளில் இதற்கு அடிப்படை ஒன்றுதான். ஒரு இடத்தையோ பொருளையோ நடத்துகிறவருக்கு, அதைப் பயன்படுத்த வருகிறவர் காயப்படாமல் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு. எல்லா ஆபத்தையும் தடுக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை; கவனமுள்ள ஒருவர் செய்திருக்கக்கூடியதைச் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே அளவு கவனம் நம்மிடமும் எதிர்பார்க்கப்படுகிறது.

கன்னியாகுமரி படகுத்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் ஏறும்போது லைஃப் ஜாக்கெட் போடச் சொல்கிறார்கள். படகு நல்ல நிலையில் இருக்கிறதா, எத்தனை பேரை ஏற்றலாம், கடல் சீற்றமாக இருக்கிற நாளில் படகை விடலாமா என்பதெல்லாம் படகு நடத்துகிறவர் கையில் இருக்கிறது. ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டுவதும், ஓடும் படகில் எழுந்து நின்று செல்ஃபி எடுக்காமல் இருப்பதும் நம் கையில். எந்தப் படகுத்துறையிலாவது வார் அறுந்த ஜாக்கெட்டைக் கொடுத்தால் கொடுத்தவர் பொறுப்பு. நல்ல ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டால் நம் பொறுப்பு. வார் அறுந்திருப்பதைப் பார்த்த பிறகும் மாற்றிக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டால்? அங்கேதான் பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது.

பொறுப்பு பிரியும் என்பதைப் பலர் அறிவதில்லை. "என் மேலயும் தப்பு இருக்கு, அதனால ஒண்ணும் கேக்க முடியாது" என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தியா, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் காயப்பட்டவரின் கவனக்குறைவு இழப்பீட்டைக் குறைக்கும். அது மட்டுமே காரணமாக இருந்தால் தவிர, முழுவதுமாக அழித்துவிடாது. மருத்துவச் செலவு 40,000 ரூபாய், அதில் நம் பங்கு கால்வாசி என்று தீர்மானமானால் மீதி 30,000 ரூபாய் எதிர்த்தரப்பின் கணக்கு. நம் தப்பும் இருக்கிறது என்பது வாயை மூடிக்கொள்ளக் காரணம் ஆகாது.

விமானத்தில்: விதி பயணிக்குச் சாதகம்

பயணத்தின் மற்ற எந்தக் கட்டத்தையும்விட விமானத்தில்தான் நமக்குப் பாதுகாப்பு அதிகம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் உரிமை இது.

பன்னாட்டு விமானப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியால் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. நம் 1972ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் அதற்கான திருத்தமும் வந்தது. வளைகுடாவின் ஆறு நாடுகளும் இதில் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து துபாய், தோகா, மஸ்கட் போகிறவருக்கு இந்த ஒப்பந்தம்தான் பொருந்தும். விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ, இறங்கும்போதோ நடந்த விபத்தில் பயணிக்கு உடல் காயம் ஏற்பட்டால் விமான நிறுவனம் பொறுப்பு என்கிறது அதன் 17ஆம் பிரிவு. நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு வரம்பு வரை, "எங்கள் மேல் தப்பே இல்லை" என்று சொல்லி நிறுவனம் தப்பிக்கவும் முடியாது. அந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) வைத்திருக்கும் கணக்கு அலகு; நம் ரூபாயில் அந்தத் தொகை ஒன்றரைக் கோடிக்கு மேல் வரும். இதைப் பார்த்து யாரும் கனவு காண வேண்டாம். மாவுக்கட்டுக்கு ஒன்றரைக் கோடி கிடைக்காது, நடந்த இழப்பு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். சின்னக் காயங்கள் எல்லாம் அந்த வரம்புக்கு வெகு கீழேயே அடங்கிவிடுகின்றன என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய சேதி.

எது விபத்து என்பதற்கு, மாண்ட்ரியாலுக்கு முந்தைய ஒப்பந்தத்தின் கீழ் 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த விளக்கம் இன்றும் பல நாடுகளில் எடுத்தாளப்படுகிறது. ஏர் பிரான்ஸ் விமானம் தரையிறங்கும்போது ஏற்பட்ட அழுத்த மாற்றத்தில் ஒரு பெண்ணின் காது பாதிக்கப்பட்டது. விமானத்தின் எல்லாக் கருவிகளும் வழக்கம்போலவே இயங்கியிருந்தன. பயணியின் உடலுக்கு வெளியே, எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான ஒன்று நடந்திருந்தால்தான் அது விபத்து. வழக்கமான இயக்கத்துக்குப் பயணியின் உடல் தானாகக் காட்டும் எதிர்வினை விபத்தில் சேராது என்றது நீதிமன்றம். ஆக, விமானத்தில் காது அடைத்தால் நம் பாடு. மேலே இருந்து பெட்டி தலையில் விழுந்தால் நிறுவனத்தின் பாடு.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இன்னும் ஒருபடி போனது. 2015இல் ஸ்பெயினின் மயோர்காவிலிருந்து வியன்னா போன விமானத்தில், தந்தையின் முன்னால் மேசைத்தட்டில் வைத்திருந்த சூடான காபி சாய்ந்து பக்கத்தில் இருந்த ஆறு வயதுச் சிறுமி மேல் கொட்டியது. மேசை பழுதா, விமானம் அதிர்ந்ததா, ஏன் சாய்ந்தது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. விமானப் பயணத்துக்கே உரிய ஆபத்து ஏதும் இதில் இல்லையே என்று நிறுவனம் வாதாடியது. அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை, இதுவும் விபத்துதான் என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

நம் அம்மாக்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு இன்னொன்று இருக்கிறது. 2019இல் கிரேக்கத்தின் தெசலோனிக்கியிலிருந்து வியன்னாவில் வந்து இறங்கிய ஒரு பெண் விமானத்தின் நகரும் படிக்கட்டில் விழுந்து முன்கை எலும்பு முறிந்தது. படியில் எண்ணெயோ ஈரமோ இல்லை, பழுதும் இல்லை. அவர் ஒரு கையில் கைப்பையும், இன்னொரு பக்கம் இரண்டு வயது மகனுமாகக் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கியிருக்கிறார். அவருக்குச் சற்று முன்பே கணவரும் அதே படியில் விழப் பார்த்திருக்கிறார். காரணம் தெரியாமல் விழுந்தாலும் அது விபத்து என்ற கணக்கில் வரும் என்று 2022 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. கைப்பிடி விஷயம்? ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவின்படி, பயணியின் கவனக்குறைவுதான் காயத்துக்குக் காரணமாகவோ உதவியாகவோ இருந்தது என்று நிறுவனம் நிரூபித்தால், அந்த அளவுக்கு அதன் பொறுப்பு குறையும், முழுவதும் நீங்கவும் செய்யலாம். நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் தலையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். "நான்தான் பாத்து கால வச்சிருக்கணும்" என்று நாமே முந்திக்கொண்டு சொன்னால் அந்தச் சுமையை நாமே எடுத்து நம் தலையில் வைத்துக்கொள்கிறோம்.

இதன் மறுபக்கமும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீட் பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்து பெட்டியை எடுத்தவர், பணிப்பெண் இரண்டு தடவை சொல்லியும் உட்காராதவர், குலுக்கலில் விழுந்து கைமுறிந்தால் அதில் பெரும்பங்கு அவருடையதே. இறங்கும் அவசரத்தில் சக்கரம் நிற்கும் முன்பே வரிசையில் நிற்பது நம் விமானங்களில் பழகிப்போன காட்சி. சட்டப்படியும் அது கெட்ட பழக்கம்.

எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். விமான நிலையக் கட்டடத்தில் சாப்பாட்டுக்கடைத் தரையில் வழுக்கினால் பெரும்பாலும் இந்த ஒப்பந்தம் வராது. அந்த இடம் கடைக்காரர் அல்லது நிலையத்தை நடத்துகிறவர் கையில் இருக்கிறது.

புனிதப் பயணக் குழுவும் ஹோட்டல் குளியலறையும்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் டிராவல்ஸ் அலுவலகங்களில் தரும் பயணக் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். முதல் பக்கத்தில் கலிலேயாக் கடல் பளபளவென்று இருக்கும். கடைசிப் பக்கத்தில், ஆதார் எண் கேட்கும் வரிக்கும் கையொப்பக் கோட்டுக்கும் நடுவில், எறும்பு அளவு எழுத்தில், "விபத்து, நோய், பொருள் இழப்பு எதற்கும் நிறுவனம் பொறுப்பாகாது" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். போட்டுவிட்டோமே, இனி எதுவும் கேட்க முடியாது என்றும் நம்பிவிடுகிறார்கள்.

அந்த வரிக்கு முழுப் பலம் கிடையாது. பணம் வாங்கிச் சேவை தருகிறவர், அந்தச் சேவையில் குறை இருந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. நுகர்வோருக்குப் பெரும் பாதகமான ஒருதலை ஒப்பந்தங்களை நியாயமற்றவை என்று எதிர்க்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. பிரிட்டனில் இன்னும் கறார்: கவனக்குறைவால் உயிருக்கோ உடலுக்கோ கேடு வந்தால் அந்தப் பொறுப்பைக் காகிதத்தில் எழுதித் தட்டிக்கழிக்க முடியாது என்று 1977லேயே சட்டம் வந்துவிட்டது. ஐரோப்பிய நாடுகளில் டிக்கெட், ஹோட்டல், பேருந்து எல்லாவற்றையும் ஒரே விலையில் சேர்த்து விற்கும் நிறுவனம், அந்தச் சேவைகளை வேறு ஆட்கள் தந்திருந்தாலும் தானே பதில் சொல்ல வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறையின் விதி.

அப்படியானால் பயணத்தில் நடந்த எல்லாவற்றுக்கும் டிராவல்ஸ்காரரைப் பிடிக்கலாமா? முடியாது, பிடிக்கவும் கூடாது. எருசலேமின் பழைய நகரத்தில் சிலுவைப் பாதை போகும் தெருக்கள் பல நூற்றாண்டுக் காலடிகளில் தேய்ந்து மழமழவென்று ஆன கற்கள். அங்கே ரப்பர் செருப்போடு நடந்து வழுக்கினால் அந்தத் தெருவைக் குழுத் தலைவர் நடத்தவில்லை. ஆனால் 70 வயதுப் பெரியவர்கள் இருக்கும் குழுவை, தெரு எப்படி இருக்கும், என்ன செருப்பு போட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், இருட்டில் வேகவேகமாக நடத்திக் கொண்டுபோனால் அங்கே கேள்வி பிறக்கிறது. பேருந்தின் படி உடைந்திருந்து, நேற்றே ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியிருந்து, இன்று அதே படியில் இன்னொருவர் கால் சிக்கினால் பதில் இன்னும் தெளிவு. தெரிந்த ஆபத்தைச் சரி செய்யாமல் விடுவதைப்போல நிறுவனத்துக்குப் பாதகமானது வேறு எதுவும் இல்லை. அதனால்தான் சின்னக் குறையையும் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு வைக்கச் சொல்கிறேன்.

ஹோட்டல் குளியலறை வழுக்கல் இவற்றில் சிக்கலானது. தரை ஈரமாக இருந்தது என்பது மட்டும் போதாது, குளியலறைத் தரை ஈரமாகத்தான் இருக்கும். குழாய் ஒழுகி நீர் வழிந்துகொண்டே இருந்ததா, பிடிமானக் கம்பி ஆடியதா, வழுக்காமல் இருக்கப் போடும் ரப்பர் விரிப்பு கேட்டும் தரவில்லையா என்று பார்க்க வேண்டும். அதோடு, எந்த நாட்டு அளவுகோலால் பார்ப்பது என்பதும் இருக்கிறது. 1993இல் பிரிட்டனில் தீர்ப்பான ஒரு வழக்கில், கிரேக்கத்துக்குச் சுற்றுலா போனவர் ஹோட்டலின் கண்ணாடிக் கதவில் மோதி விழுந்து காயப்பட்டார். அந்தக் கண்ணாடி பிரிட்டிஷ் தரத்துக்குப் போதாது, கிரேக்கத் தரத்துக்குப் போதும். ஹோட்டல் உள்ளூர் விதிப்படி இருந்தால் சுற்றுலா நிறுவனத்தைக் குற்றம் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் வசதி அங்கே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது.

வெளிநாட்டு ஹோட்டல் மேல் அந்த நாட்டிலேயே வழக்குப் போடுவது சின்னக் காயத்துக்குக் கட்டுப்படியாகாது. நியூசிலாந்தில் அதற்கு வழியே இல்லை: 1974 முதல் அங்கே அரசே விபத்துச் சிகிச்சைச் செலவைப் பொதுத் திட்டத்திலிருந்து ஏற்கிறது, சுற்றுலாப் பயணிக்கும் சேர்த்து. அதற்குப் பதிலாக, காயத்துக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போடும் உரிமை கிடையாது. யார் தப்பு என்ற சண்டையே இல்லாமல் ஆளைக் கவனிக்கும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் அதிகம் போகும் நாடுகளில் அது இல்லை.

வேலைக்குப் போனவர்கள்

சுற்றுலா போகிறவருக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் கணக்கு வேறு. தொழிலாளி வேலையின் காரணமாக, வேலையின் போக்கில் காயப்பட்டால் முதலாளி பொறுப்பு. முதலாளியின் தப்பு இருந்ததா என்று பார்ப்பதில்லை. இந்தியாவில் 1923ஆம் ஆண்டுச் சட்டம் இதைத்தான் சொன்னது, இப்போது அது 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. ஆனால் மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால்தான் இழப்பீடு. குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்கென்று சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ சின்னக் காயத்துக்கு எதுவும் கிடைக்காது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில் போகிறது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் அது வேலைக் காயமாக எடுத்துக்கொள்கிறது. கம்பெனிப் பேருந்தில் கேம்ப் திரும்பும்போது கதவில் விரல் நசுங்கினால் அது கம்பெனியின் கணக்கு. வெள்ளிக்கிழமை நண்பர்களோடு கடற்கரையில் பந்து விளையாடிக் கால் பிசகினால் நம் கணக்கு.

ஆன்சைட் வேலைக்கு மூன்று மாதம் போகும் ஐ.டி. பிள்ளைகளுக்கு இந்தக் கோடு மங்கலாக இருக்கும். வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு டாக்ஸியில் போகும்போது நடந்தது வேலை. சனிக்கிழமை ஸ்கூபா டைவிங் போனது சொந்த விருப்பம். நடுவில் இருப்பதெல்லாம் நிறுவனத்தின் பயணக் கொள்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிளம்பும் முன் ஹெச்.ஆரிடம் அதைக் கேட்டு மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஈ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவை என்ற வகை) பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி பெற்றுப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம் கட்டாயம். பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்பது பலருக்குத் தெரியும். காயத்துக்கும் நோய்க்குமான மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் வரை இருப்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஏஜென்ட் கையில் அந்தப் பாலிசித் தாள் தங்கிவிடுகிறது. தூத்தூர், இனயம், குளச்சல் கடற்கரையிலிருந்து மீன்பிடி வேலைக்குப் போகிறவர்கள் விஷயத்தில் இது எனக்குப் பெரிய கவலை. தனி ஆள் ஒருவரின் படகில் வேலை, வாய்மொழிக் கூலி, எழுத்தில் எதுவும் இல்லை என்றால் தூண்டில் கிழித்த கைக்குக்கூட யாரிடம் போய் நிற்பது? பாலிசித் தாளின் நகல் ஒன்று ஆளின் போனிலும் இன்னொன்று வீட்டிலும் இருந்தே ஆக வேண்டும்.

நம் தலையில் விழுபவை

வாடகை ஸ்கூட்டர் இதில் முதல். தாய்லாந்தில் கடைக்காரர் லைசென்ஸ் கேட்காமலேயே சாவியைக் கொடுத்துவிடலாம். அவர் கொடுத்தார் என்பதால் அது சட்டப்படி சரியாகிவிடாது. நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்தால் ஓராண்டு செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கிடைக்கும். நம் லைசென்ஸில் இருசக்கர வாகனம் இருந்தால்தான் அந்த அனுமதியும் இருசக்கரத்துக்குச் செல்லும். செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடும் கைகழுவிவிடும். குடித்துவிட்டு விழுந்தாலும் அப்படியே. பாராசெய்லிங், ஜிப்லைன் போன்ற சாகச விளையாட்டுகளில் கையெழுத்து வாங்குவார்கள்: அந்த விளையாட்டுக்கே இயல்பான ஆபத்தை நாம் ஏற்றுக்கொண்டதாக அந்தத் தாள் ஆகும். கயிறு இற்றுப்போயிருந்ததை நாம் ஏற்றுக்கொண்டதாக ஆகாது.

காப்பீடும் முதல் ஒரு மணி நேரமும்

சின்ன விபத்தில் யார் பொறுப்பு என்று மாதக்கணக்கில் வாதாடுவதைவிடப் பயணக் காப்பீடு பல மடங்கு உபயோகமானது. காரணம் எளிது: மருத்துவச் செலவைத் தரும்போது காப்பீட்டு நிறுவனம் யார் தப்பு என்று பார்ப்பதில்லை, நம் அஜாக்கிரதையால் விழுந்தாலும் தரும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பலர் எடுப்பதே இல்லை, எடுத்தாலும் டிக்கெட்டோடு வந்த மிக மலிவான ஒன்றைத் தாளைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். பிரித்துப் பார்க்க வேண்டியது மூன்று விஷயம்தான்: ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் முதலில் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி என்ன எழுதியிருக்கிறது, விபத்து நடந்தால் எந்த எண்ணுக்கு எவ்வளவு நேரத்துக்குள் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயை மறைத்து எடுத்த பாலிசி, காலில் பட்ட காயம் ஆறாமல் போகும்போது கைகொடுக்காது.

விழுந்த பின் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். வலி தாங்கும்படி இருந்தால், தரையைத் துடைக்கும் முன் படம் எடுக்க வேண்டும். ஹோட்டல் ஊழியர்கள் நல்ல மனதோடுதான் ஓடி வந்து துடைப்பார்கள், ஆனால் துடைத்த தரையின் படம் எதற்கும் உதவாது. விமானத்தில் என்றால் பணியாளரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும், போர்டிங் பாஸை எறிந்துவிடக் கூடாது. ஹோட்டலில் மேலாளரிடம் விபத்துக் குறிப்பு எழுதச் சொல்லி நகல் கேட்க வேண்டும். தர மறுத்தால் நடந்ததை நாமே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், தேதியும் நேரமும் அதில் தானாகப் பதிவாகிவிடும். கூட நின்றவர் ஒருவரின் பெயரும் எண்ணும் வாங்கி வையுங்கள். மருத்துவரிடம் எப்படி விழுந்தீர்கள் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். "கணுக்கால் வீக்கம்" என்று மட்டும் இருக்கும் சீட்டுக்கும், "பேருந்துப் படியில் கால் சிக்கி விழுந்ததால் கணுக்கால் வீக்கம்" என்று இருக்கும் சீட்டுக்கும் பிறகு பெரிய வித்தியாசம் வரும். பில்களின் அசல் நம்மிடம் இருக்கட்டும்.

நம் ஆட்கள் அடிக்கடி ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஹோட்டல்காரர் பழக்கூடையோ இலவச இரவுச் சாப்பாடோ கொடுத்து, வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாளை நீட்டுவார். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருக்கலாம். பழத்தை வாங்கிக்கொள்ளலாம். புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம், மகனோ மகளோ போனில் படம் பார்த்துச் சொல்லும்வரை பொறுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு, அடுத்து விமான நிறுவனத்துக்கோ டிராவல்ஸுக்கோ எழுத்தில் கேட்க வேண்டும். பல கோரிக்கைகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அடுத்த படி, நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். டிராவல்ஸின் தலைமை அலுவலகம் சென்னையிலோ கொச்சியிலோ இருந்தாலும், புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே கொடுக்கலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி. கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் அதற்கு என்றே சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், அங்கேயும் கட்டணம் கிடையாது.

நுகர்வோர் ஆணையத்துக்கும், விமான நிறுவனத்தின் மேல் போடும் வழக்குக்கும் காலக்கெடு இரண்டு ஆண்டு. நுகர்வோர் ஆணையத்தில் தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் மன்னிக்க இடமுண்டு. மாண்ட்ரியால் ஒப்பந்தத்தில் அப்படியில்லை: விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமையே போய்விடும். விமான நிறுவனத்தோடு கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. ஆகையால் விமானம் வந்து சேர்ந்த தேதியைப் பில்களோடு சேர்த்து உறையின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.